ஐந்தாள் சட்டி

ஒத்தப்பனைத்துறையில் இரும்புச் சட்டி வாங்கப் போகிறவர்கள் பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுப் போகிற வழக்கம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தபோதுதான் கிழக்குத் தெரு தெக்லாவின் சட்டி உடைந்தது.

அது அவள் அம்மா வீட்டிலிருந்து வந்த பழைய சட்டி. ஊமைச் சட்டி என்று அந்த மாதிரிச் சட்டிகளைச் சொல்வார்கள், ஏனென்றால் அவை யாரையும் எண்ணாது. புதிதாக வருகிற சட்டிகள் எல்லாம் எண்ணும்.

எங்கள் ஊரில் ஞாயிறு முதல் பூசை முடிந்ததும் எல்லா வீட்டிலும் மூடிக்கறி ஏறும். அகலமான கனத்த வார்ப்பு இரும்புச் சட்டியில், ஆளுக்கு ஒரு எலும்புத் துண்டு என்று ஆட்டுக்கறியை ஒரே அடுக்காகப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் ஒன்றோடொன்று தோள் உரசும்படி வைத்து, கறி பாதி முங்கத் தண்ணீரும் கொஞ்சம் காடியும் ஊற்றி, இரும்பு மூடியை வைத்து, மூடிமேலும் கனல் அள்ளிப் போட்டு, இரண்டாம் பூசை முடியும் வரை அதைத் தொடமாட்டார்கள். சட்டி பெரிதாகிப் போனால் கறிக்கு நடுவே வெறும் இரும்பு தெரியும், அந்த இடத்தில் சாறு தீய்ந்து மொத்தக் கறியும் கசக்கும். சிறிதாகிப் போனால் கறி ஏறிக்கொண்டு, அடியில் கிடப்பது குழைந்தும் மேலே கிடப்பது விறைத்தும் வரும். அதனால் நாங்கள் சட்டியை லிட்டரிலோ கிலோவிலோ சொல்வதில்லை, ஆளில் சொல்வோம். மூன்றாள் சட்டி என்றால் வாய் அகலம் ஒரு சாணும் இரண்டு விரலும். நாலாள் சட்டி ஒரு சாணும் நாலு விரலும். ஐந்தாள் சட்டி ஒன்றரைச் சாண். யாருடைய சாண் என்று கேட்டால், மணிக்கூண்டு பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் சித்திரைவேல் அண்ணாச்சியின் சாண். அதில் ஊருக்குள் தகராறு வந்ததில்லை.

சட்டிகள் ஏன் எண்ணத் தொடங்கின என்று யாரும் அதிகம் விசாரிக்கவில்லை. கரைதட்டிக் கிடந்த கப்பலை உடைத்து உருக்கிய இரும்பு என்று சிலர் சொன்னார்கள். அண்ணாச்சி, "எனக்கு சரக்கு லாரில வருது, லாரிக்கு எங்கேருந்து வருதுன்னு லாரியத்தான் கேக்கணும்" என்றார். எண்ணுகிறது என்பது மட்டும் ஐஸ் கம்பெனி ராயப்பன் வீட்டில் முதலில் தெரிந்தது. அவர் வீட்டில் நாலு பேர். மச்சான் ஆறாள் சட்டி வாங்கிவிட்டான் என்ற ஒரே ரோஷத்தில் அவர் எட்டாள் சட்டி வாங்கிக்கொண்டு போனார். அந்த ஞாயிறு மூடி திறக்கவில்லை. கடப்பாரை வைத்து நெம்பியும் திறக்கவில்லை, சட்டி அடுப்பைவிட்டு இறங்கவும் இல்லை, கறி கரியாகி மறுநாள் காலையில்தான் மூடி தானாகத் தளர்ந்தது. பக்கத்து வீட்டாரைக் கூட்டி எட்டுப் பேராக உட்கார்ந்தும் பார்த்தார்கள். ஒரு வேளைக்கு வந்த விருந்தாளியை அது கணக்கில் சேர்க்கவில்லை. அதற்குப் பிறகு அவர் மனைவியின் அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஓடிப்போன தம்பி ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு திரும்பினான். இன்சூரன்ஸ் பேச வந்த சேலத்துக்காரர் ஐஸ் தரையில் வழுக்கிக் காலை ஒடித்துக்கொண்டு, கால் கூடிய பின்னும் போக மனமில்லாமல் தங்கிவிட்டார். ஒவ்வொருவர் வந்து மணையில் உட்கார்ந்தபோதும் மூடி ஒருமுறை 'டங்' என்று சொன்னது. எட்டாவது 'டங்'குக்கு மூடி பூப்போலத் தூக்கிக்கொண்டு வந்தது.

ஆள் கூடினாலும் அது பொறுக்காது. மருமகளை விரட்ட இரண்டாள் சட்டி வாங்கிய ஒரு மாமியார் வீட்டில் மூடி சட்டிமேல் அமரவே மறுத்தது, கடைசியில் மாமியார்தான் மூட்டை கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனாள். பிள்ளை வேண்டி மூன்றாள் சட்டி வாங்கிய ஒரு தம்பதிக்கு, எப்போதோ சண்டை போட்டுக்கொண்டு போன புருஷனின் அப்பா வந்து சேர்ந்தார். சட்டி ஆளை எண்ணும், பேரைக் கேட்காது என்ற சொலவடை அப்போதுதான் பிறந்தது.

ஊர் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. கல்யாணத் தரகர் சூசையா பெண் வீட்டில் முதலில் நகையைக் கேட்காமல் சட்டியைக் கேட்டார். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் சட்டியை அளந்து பார்த்தார்கள். பங்குச் சாமியார் இது மூடத்தனம் என்று பிரசங்கம் வைத்தார். தன் பங்களாவில் மட்டும் பழைய ஊமைச் சட்டியை யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டார். ஊமைச் சட்டி இருக்கிற வீடுகள் அதைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தன. யாரும் இரவல் தருவதில்லை. அலுமினியத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ஈஸ்டர் அன்று அலுமினியத்தில் மூடிக்கறி வைத்த வீடு எங்கள் ஊரில் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை.

தெக்லாவின் புருஷன் கஸ்பார் தோணிக்காரன். வெங்காயமும் கூரை ஓடும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போன தோணி ஐப்பசிக் காற்றில் உடைந்தது. ஒரு பிளாஸ்டிக் பீப்பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த பொனிப்பாஸ் தண்டலை மட்டும், அதாவது அந்தத் தோணியை நடத்திய ஆளை மட்டும், ஒரு சரக்குக் கப்பல் எடுத்துவந்து இறக்கியது. மற்றவர்களின் உடல்கள் ஒவ்வொன்றாக ஒவ்வொரு கரையில் ஒதுங்கின. கஸ்பார் எந்தக் கரையிலும் ஒதுங்கவில்லை.

தவக்காலத்துக்கு முந்தின ஞாயிறு, கஸ்பாரின் அம்மா இஞ்ஞாசி சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தில் கடற்கரைப் பக்கமிருந்து யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அது தன் மகன் குரல் என்று அவளுக்குப் பட்டது. வாசலுக்கு ஓடுகிற பதற்றத்தில் கொதிக்கிற சட்டியைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்துவிட்டாள். இரும்பு ஒரே ஒரு முறை கத்தி, மாங்காய் பிளந்ததுபோல இரண்டாகக் கிடந்தது. வாசலில் மீன்காரன்தான் நின்றுகொண்டிருந்தான்.

தவக்காலம் முழுக்க ஊரில் கறி கிடையாது, சட்டியும் தேவையில்லை. ஆனால் ஈஸ்டர் வரும். அந்த வீட்டில் தெக்லா, மாமியார், ஏழு வயது ஜெனோவா என்று மூன்று பேர் இருந்தார்கள். கஸ்பாரைச் சேர்த்தால் நாலு.

"நாலு வாங்கணும் மாமி" என்றாள் தெக்லா. "மூணு வாங்கினா நாமளே அவரு செத்தாருன்னு எழுதிக் குடுத்த மாதிரி."

"ஏட்டி, நாலு வாங்கினா நாலாவது யாரு வருவான்னு உனக்குத் தெரியுமா?" இஞ்ஞாசி கொடுக்காப்புளி உரித்துக்கொண்டே கேட்டாள். "கண்டவன் வந்து என் பிள்ள மணைல உக்காருவான். பொறவு என் பிள்ள வந்தா மூடி மூடாது. அவன் வாசல்ல நிக்கணும்."

"அப்ப மூணு வாங்கினா மட்டும் அவருக்கு எடம் இருக்கா?"

"இருக்கு. அவன் வந்த அன்னைக்கி நான் எந்திச்சுப் போயிருவேன். மடத்துல கஞ்சி ஊத்துறாங்க. எனக்கு என்ன, இனி எத்தன ஞாயித்துக்கிழம மிச்சம் இருக்கு?"

அதைச் சொல்லும்போது அவள் தலையை நிமிர்த்தவில்லை. அன்றிலிருந்து மூன்று என்ற எண்ணையும் நாலு என்ற எண்ணையும் நினைக்கிறபோதெல்லாம் தெக்லாவுக்கு இரண்டு எண்களிலும் யாரோ ஒருவர் வாசலுக்கு வெளியே நிற்பது தெரிந்தது.

ஊர் அதற்குள் நாலாவது ஆளுக்குப் பெயரும் வைத்துவிட்டது. பொனிப்பாஸுக்கு வீடு கிடையாது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. வலை பின்னுகிற கொட்டகையில் படுத்திருந்தான். உயிரோடு திரும்பியதே ஒரு குற்றம்போல, கிழக்குத் தெரு வழியாக நடப்பதை நிறுத்திவிட்டு, கோவிலுக்குக் கடற்கரையைச் சுற்றிக்கொண்டு போனான். "சட்டி நாலுன்னா தண்டலுக்கு யோகம்டே" என்று தரகர் சூசையா டீக்கடையில் சொன்னதும் பத்துப் பேர் சிரித்தார்கள். பொனிப்பாஸ் குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். ஈஸ்டருக்கு முன் ஊரைவிட்டே போய்விடுவது என்று அன்று முடிவு செய்தான்.

ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை காலை, தெக்லா மாமியாரையும் மகளையும் கூட்டிக்கொண்டு அண்ணாச்சி கடைக்குப் போனாள். சட்டி வாங்கும்போது வீட்டார் எல்லாரும் நிற்க வேண்டும் என்பது வழக்கம். கடைக்கு எதிரேதான் பஸ் நிற்கும். அங்கே பொனிப்பாஸ் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் தலையைக் குனிந்துகொண்டு, வந்து நின்ற பஸ்ஸில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தான். வேடிக்கை பார்க்க பஜாரில் பாதிக் கூட்டம் கூடியிருந்தது.

"எத்தனாள் தாயி?" என்றார் அண்ணாச்சி. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது அவர் இப்போதெல்லாம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

"நாலாள் சட்டிய எடுங்க, பாக்குறேன்."

அண்ணாச்சி எடுத்து வைத்தார். கருப்பாக, எண்ணெய் பூசி, ஒரு சாணும் நாலு விரலும். தெக்லா இரண்டு காதையும் பிடித்துத் தூக்கினாள். எதிரே புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸின் எஞ்சின் நின்றுபோனது.

டிரைவர் சாவியைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார். கூட்டம் பஸ்ஸையும் சட்டியையும் மாறி மாறிப் பார்த்தது. தெக்லா சட்டியைப் பலகையில் வைத்தாள். பஸ் உறுமியது. தூக்கினாள். நின்றது. வைத்தாள். உறுமியது.

"ஏ தாயே!" டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார். "வாங்குறதா இருந்தா வாங்கு, இல்லன்னா வையி. எனக்கு திருச்செந்தூர்ல டைம் இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. கடைசி சீட்டில் பொனிப்பாஸ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தான். நாலு என்றால் யார் என்பது இப்போது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

"நான் சொன்னேன்ல" என்றாள் இஞ்ஞாசி மெதுவாக. "மூணு எடு மக்கா."

தெக்லா மூன்றாள் சட்டியைத் தூக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. பஸ் உறுமிக்கொண்டே இருந்தது, வெயில் அடித்துக்கொண்டே இருந்தது, காக்கை கத்தியது, கடல் எப்போதும்போல இரைந்தது, உலகத்தில் எங்கேயும் எதுவும் நிற்கவும் இல்லை, கிளம்பவும் இல்லை. அந்த ஒன்றும் நடக்காததை அவளால் தாங்க முடியவில்லை. சட்டியைத் தீப்பட்டதுபோலக் கீழே வைத்தாள். பக்கத்தில் மாமியார் ஜெனோவாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிரே பஸ்ஸின் கடைசி ஜன்னலில் இரண்டு உள்ளங்கைக்குப் பின்னால் ஒரு முகம் இருந்தது. அவள் மூன்று பேரையும் பார்த்தாள். ஊர் பேசுவதுபோல யாரைத் தள்ளினால் யாருக்கு இடம் வரும் என்று நினைத்து நினைத்து, இத்தனை நாளும் தான் சிறிய சட்டிகளையே பார்த்து வந்திருப்பது அவளுக்கு அப்போது பட்டது.

"ஐந்தாள் சட்டி இருக்கா அண்ணாச்சி?"

அண்ணாச்சி இந்த முறை முகத்தைப் பார்த்தார். "தாயி, வீட்ல மூணு பேரு. அஞ்சு வாங்கினா ரெண்டு பேரு வந்தாத்தான் மூடி தெறக்கும். ஒருத்தர் வந்தாலும் தெறக்காது. ஒருவேள அந்த இன்னொருத்தர்..."

"தெறக்காட்டி கெடக்கட்டும்."

"கறி கரியாப் போவும். வாரா வாரம்."

"போவட்டும்."

அவள் ஒன்றரைச் சாண் சட்டியைத் தூக்கினாள். பஸ் நின்றது. அவள் வைக்கவில்லை. அதைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேராக நடந்து, கடைசி ஜன்னலுக்குக் கீழே நின்று, பஜார் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"அண்ணே, எறங்குங்க. நாளையிலேருந்து நம்ம வீட்ல சாப்பாடு. உங்களுக்கு ஒரு மண இருக்கு. அவருக்குத் தனியா ஒண்ணு இருக்கு."

பொனிப்பாஸ் இறங்கினான். அவன் கால் தரையில் பட்டதும் பஸ் உறுமியது. டிரைவர் சிலுவை போட்டுக்கொண்டு, முதல் கியரை விட்டு இரண்டாவதிலேயே வண்டியை எடுத்தார். அண்ணே என்று அவள் கூப்பிட்டதைக் கேட்டபின் தரகர் சூசையாவுக்கும் அந்தப் பக்கம் வேலை இல்லாமல் போனது.

ஈஸ்டர் அன்று ஐந்து துண்டுக் கறி வாங்கினாள். தோள் உரசும்படி பரப்பினாள். இம்மி இரும்பும் தெரியவில்லை. ஐந்து மணை போட்டு, ஐந்து தட்டு வைத்தாள். இரண்டாம் பூசை முடிந்தது. இஞ்ஞாசி உட்கார்ந்தாள், 'டங்'. ஜெனோவா, 'டங்'. தெக்லா, 'டங்'. பொனிப்பாஸ் வாசலிலேயே நின்றான். கஸ்பாரின் மணை எது என்று கேட்டு, அது இல்லாத ஒன்றில், ஓரமாக, பாதி உடம்பை மட்டும் வைத்து உட்கார்ந்தான். மூடி கொஞ்ச நேரம் யோசித்தது.

'டங்.'

இஞ்ஞாசி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நாலு பேரும் காத்திருந்தார்கள். தெருவில் எல்லா வீட்டு மூடியும் திறந்து, எல்லா வீட்டுக் கறி வாசமும் எழுந்து அடங்கியது. இவர்கள் சட்டியிலிருந்து முதலில் நல்ல வாசம் வந்தது, பிறகு காரமான வாசம், பிறகு தீய்ந்த வாசம். யாரும் எழவில்லை. பின்னேரம் பக்கத்து வீட்டு பிலோமி ஒரு கிண்ணத்தில் கறி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்ததும். தீய்ந்த வாசம் கிழக்குத் தெருவின் ஞாயிற்றுக்கிழமை வாசமாக ஆனது. முதலில் மூக்கைப் பிடித்தவர்கள் பிறகு அதற்குப் பழகி, வாசம் வந்தால் மணி இத்தனை என்று சொல்லத் தொடங்கினார்கள். தெருவார் முறைவைத்துக் கிண்ணம் கொண்டுவந்தார்கள். நாலாவது 'டங்'கைக் கேட்க ஜன்னலோரம் நிற்பதும், ஐந்தாவதுக்குக் காதைத் தீட்டுவதும், வராதபோது பெருமூச்சோடு கலைவதும் பூசைபோல ஒரு முறையானது. பங்குச் சாமியார் ஒருநாள் வந்து, இறந்தோர் பூசை ஒன்று வைத்துவிட்டால் மனசு ஆறும் என்று பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்.

"சாமி" என்றாள் இஞ்ஞாசி, "செத்தவனுக்கு இந்த மூடி இப்படிப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்குமா? ஆளு வர வேண்டியிருக்குன்னு அதுக்குத் தெரியுது. உங்களுக்குத்தான் தெரியல."

ஆனால் இருட்டின பிறகு, மூடிக்கு எந்தப் பேரும் தெரியாது என்பதை அவளும் நினைக்காமல் இருக்கவில்லை. ஐந்தாவதாக யார் வேண்டுமானாலும் வந்து தங்கிவிடலாம். வெற்றிலை விற்கிறவன், வழி கேட்கிறவன், யார் வாசலில் நிழல் தட்டினாலும் மூன்று பெண்களும் மூச்சைப் பிடித்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியாட்கள் அந்தத் தெருவுக்குள் வராதபடி தெருவாரே இரண்டு முனையிலும் நின்று, சேலை வியாபாரியையும் ஸ்டவ் ரிப்பேர்க்காரரையும் நயமாகப் பேசித் திருப்பி அனுப்பினார்கள். பொனிப்பாஸ் மட்டும் வாரம் தவறாமல் வந்தான். வருகிறபோது விறகு கொண்டுவந்தான். ஜெனோவா அவனைப் பீப்பாய் மாமா என்று கூப்பிட்டாள். நாள் போகப்போக அவன் மணையில் முழு உடம்பையும் வைத்து உட்காரப் பழகியிருந்தான்.

கோடை மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு. நாலு 'டங்'கும் ஆகிவிட்டது. நல்ல வாசம் வந்து, காரமான வாசம் தொடங்கியிருந்தது. பொனிப்பாஸ் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, ஜெனோவா கேட்ட ஏதோ கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான், குழந்தை சிரித்தது, இஞ்ஞாசியும் அன்றைக்குப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

தெருமுனையில் காவல் நின்றவர்கள் அந்த ஆளை நிறுத்தவில்லை. மொட்டையடித்த தலை, எலும்பும் தோலும், ஏதோ ஒரு நாட்டுச் சிறையில் கொடுத்த ஒரு ஜதைச் செருப்பு. அவர்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவன் அவர்களைப் பார்க்காமல் நடந்தான், தன் வீட்டு வாசலுக்கு வந்தான், ஒரு காலை உள்ளே வைத்தான்.

அவன் வீட்டு அடுப்புக்கு முன்னால் ஒரு ஆண் உட்கார்ந்திருந்தான். அவன் மகள் அந்த ஆளின் தொடையில் கைவைத்துச் சிரித்தாள். அவன் அம்மாவும் சிரித்தாள். அவன் மனைவி அடுப்பைப் பார்த்திருந்தாள். சட்டி புதிது. வைத்த காலை அவன் சத்தமில்லாமல் திரும்ப எடுத்தான்.

தெக்லா நிமிர்ந்தாள். கூப்பிடவில்லை, எழவில்லை. எழுந்தால் ஒரு ஆள் குறைந்துவிடும் என்று பயந்தாள். வாசலில் நிற்கிற அந்த முகம் மூடிக்கொள்வதையும், அது திரும்பப் போவதையும் பார்த்துக்கொண்டே, ஒரே ஒரு வரி சொன்னாள்.

"தட்ட எண்ணிப் பாருங்க."

அவன் நின்றான். உதடு அசைந்தது. அம்மா முன்னால் ஒன்று. பிள்ளை முன்னால் ஒன்று. தெக்லா முன்னால் ஒன்று. திரும்பிப் பார்த்துச் சிலையாகிப் போயிருந்த பொனிப்பாஸ் முன்னால் ஒன்று. சுவரோரம், அவன் எப்போதும் உட்காருகிற இடத்தில், கழுவித் துடைத்து வைத்த இன்னொன்று.

மறுபடியும் முதலிலிருந்து எண்ணினான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தன் மணையில் உட்கார்ந்தான்.

'டங்' என்று கேட்டதும் ஜன்னலில் நின்ற பிலோமி ஓவென்று அழுதுவிட்டாள். தெக்லா மூடியைத் தூக்கினாள். அது அப்பளம்போல வந்தது. ஆவி கூரைவரை போயிற்று. ஐந்து துண்டும் தோளோடு தோள் உரசிக் கிடந்தன. பொனிப்பாஸ் அவளிடமிருந்து கரண்டியை வாங்கி, முதல் துண்டைக் கஸ்பாரின் தட்டில் வைத்தான். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கடலில் கடைசியாகப் பார்த்தது அப்படித்தான் இருந்திருக்கும்.

கஸ்பார் ஒரு வாய் எடுத்து மென்றான். கண்ணிலிருந்து வழிந்தது, அவன் துடைக்கவில்லை.

"அம்மா" என்றான். "லேசா அடிப்பிடிச்சிருக்கே."

"லேசாவா?" என்றாள் இஞ்ஞாசி. "ஈஸ்டர்லேருந்து வாரா வாரம் கரியத்தான்ல சொரண்டிக்கிட்டு இருக்கோம். பேசாம தின்னு."